எழுந்திருக்க முடியவில்லையா? தசை பலவீனம் பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் உள்ள ஊர்களில் பல வருடமாக வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். நான் டாக்டர் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து எழுதுவதும் என் வேலை இல்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பிய விஷயத்தை, ஊருக்கு வந்த பிறகு திண்ணையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்பது என்னிடம்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

"நரம்புத் தளர்ச்சி" என்றார்கள். அது என்ன வியாதி?

அந்தப் பேரில் தனியாக ஒரு வியாதி இல்லை. கை நடுங்கினாலும் நரம்புத் தளர்ச்சி, கால் எரிந்தாலும் நரம்புத் தளர்ச்சி, புதுமாப்பிள்ளை சோர்ந்து உட்கார்ந்தாலும் நரம்புத் தளர்ச்சி. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களுக்கு வசதியான வார்த்தை, அவ்வளவுதான்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, கிளை வாய்க்காலில் ஓடி, மடை வழியாக வயலில் இறங்குகிறது. வயல் காய்ந்து கிடந்தால் அடைப்பு எங்கே என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவோம். உடம்பிலும் அப்படித்தான். தண்டுவடத்தில் இருக்கும் நரம்பு செல்லே கெடலாம், எஸ்.எம்.ஏ. (ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி, பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் மரபணு நோய்), ஏ.எல்.எஸ். (பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது) அந்த வகை. அங்கிருந்து ஓடிவரும் நரம்பு கெடலாம், ஜி.பி.எஸ். (கியான்-பாரே சிண்ட்ரோம், உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்குவது), சர்க்கரை, தொழுநோய் எல்லாம் அதில் சேரும். நரம்பு தசையைத் தொடும் இடம், அதாவது மடை, கெடலாம். மயஸ்தீனியா என்ற நோயும் (கீழே சொல்கிறேன்) சில பாம்புகளின் விஷமும் அங்கேதான் வேலை செய்கின்றன. எல்லாம் சரியாக இருந்து தசை என்கிற வயலே கெடலாம்; அதுதான் தசைச்சிதைவு நோய். வெளியில் பார்த்தால் எல்லாவற்றிலும் பலம் இல்லை என்பதுதான் தெரியும். வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

அசதிக்கும் பலவீனத்துக்கும் என்ன வித்தியாசம்?

அசதியில் செய்ய முடியும், செய்தால் களைப்பாக இருக்கும். பலவீனத்தில் முக்கிப் பார்த்தாலும் முடியாது. நான் சில கேள்விகள் கேட்பேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது பாதியில் கை இறங்கிவிடுகிறதா? வரப்பில் நடக்கும்போது செருப்பு காலை விட்டுக் கழன்றது தெரியாமலே நாலு எட்டு போய்விடுகிறீர்களா?

முதல் இரண்டும் இடுப்பு, தோள் தசைகளைக் காட்டுகின்றன. அப்படியென்றால் தசை வியாதியாக இருக்க வாய்ப்பு அதிகம். செருப்பு கழல்வது தெரியாமல் போனால் பெரும்பாலும் நரம்பு. மரத்துப்போவது, எரிவது, பஞ்சில் நடப்பது போல இருப்பது எல்லாம் நரம்பின் பக்கம்தான். தசை வியாதியில் உணர்ச்சி கெடாது.

அப்புறம் ஒன்று. தைராய்டு, வைட்டமின் டி குறைவு, கொலஸ்ட்ராலுக்குச் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரை, இவையும் தொடையைப் பலவீனமாக்கும். பெரிய வியாதியின் பேரைக் கேட்டுப் பயப்படுவதற்கு முன்னால் இவற்றைப் பார்த்துவிடலாம். இவை சரிசெய்யக்கூடியவை.

டாக்டர் ஏன் "எப்போதிலிருந்து?" என்றே நாலு தடவை கேட்கிறார்?

வந்த வேகம்தான் பாதி விடை. மணிக்கணக்கில் வந்தால் பாம்பு, பூச்சி மருந்து, ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு குறைவது என்று யோசிப்பார்கள். நாள் கணக்கில் என்றால் ஜி.பி.எஸ். வாரம், மாதம் என்றால் மயஸ்தீனியா அல்லது தசை அழற்சி. வருடக்கணக்கில் மெதுவாக வந்தால் தசைச்சிதைவு மாதிரி பிறவியிலேயே மரபணுவில் இருப்பது. இந்த வேகத்தை ஸ்கேன் எதுவும் காட்டாது, வீட்டு மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் ஆட்கள் "கொஞ்ச நாளாத்தான் சார்" என்பார்கள். கொஞ்ச நாள் என்பது மூன்று நாளாகவும் இருக்கும், மூன்று வருடமாகவும் இருக்கும். ஒருமுறை ஒரு அம்மா சொன்னார்: "சம்பா நடவுல முழு நாளும் குனிஞ்சு நட்டேன். பொங்கலுக்குக் கோலம் போட்டுட்டு எழ முடியல, மருமக தூக்கிவிட்டா." இதைவிட நல்ல நோய்க் குறிப்பை நான் பார்த்ததில்லை. மூன்று மாதத்தில் இடுப்புத் தசை போயிருக்கிறது என்று அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. அவருக்குத் தசை அழற்சி, ஸ்டீராய்டில் குணம் தெரிந்தது. தேதி நினைவில்லை என்றால் நடவு, அறுப்பு, திருவிழாவை வைத்துச் சொல்லுங்கள்.

மூன்றரை வயதுப் பையன் அடிக்கடி விழுகிறான். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். தரையில் உட்காரவைத்து எழச் சொல்லுங்கள், போனில் வீடியோ எடுங்கள். சாதாரணக் குழந்தை துள்ளி எழுந்துவிடும். இந்தப் பையன் முதலில் குப்புறத் திரும்புவான், கையையும் காலையும் ஊன்றிப் பின்புறத்தை உயர்த்துவான், அப்புறம் முழங்காலில் கை வைப்பான், தொடையில் வைப்பான், தன் உடம்பின் மேலேயே ஏறுகிற மாதிரி நிமிர்வான். இதற்கு கவர்ஸ் அடையாளம் என்று பேர். வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1879இல் விவரித்தது. கெண்டைக்கால் உருண்டு திரண்டு இருக்கும். "நல்லா கால் பலம்" என்று பாட்டி பெருமைப்படுவார், ஆனால் அது பலம் இல்லை. தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்திருக்கிறது.

இவை சேர்ந்து இருந்தால் டுஷேன் தசைச்சிதைவு, சுருக்கமாக டி.எம்.டி., இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடம்பில் உருவாகாமல் போவதால் தசை நார்கள் ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் கிழிகின்றன. முதல் சோதனை சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை, எந்த லேபிலும் எடுக்கலாம். சாதாரணமாக 200ஐ ஒட்டி இருக்க வேண்டியது இந்தப் பையன்களுக்கு ஆயிரக்கணக்கில் போகும். அப்புறம் மரபணுச் சோதனை. அதில் விடை கிடைத்துவிட்டால் தசையை வெட்டி எடுத்துப் பார்க்கத் தேவை வராது.

கல்லீரல் கெட்டிருக்கிறது என்று ஆறு மாதம் கீழாநெல்லி கொடுத்தோம். எங்கள் தப்பா?

உங்கள் தப்பு இல்லை. கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம் இரண்டும் கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் உண்டு. தசை சிதைந்தால் அவையும் ரத்தத்தில் ஏறும். காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்த இடத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கண் மஞ்சளாகவில்லை, காமாலையில் ஏறும் பிலிருபின் சரியாக இருக்கிறது, எஸ்.ஜி.பி.டி. மட்டும் மாதக்கணக்கில் இறங்கவில்லை, பையன் மாடிப்படி ஏறத் தடுமாறுகிறான் என்றால் "சி.பி.கே. ஒன்று பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள்.

என் மருமகள் வழியாக வந்தது என்கிறார்களே?

இந்தக் கேள்வியை மருமகள் காப்பி கொண்டுவந்து வைக்கும்போதே கேட்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டி.எம்.டி. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருவது. தாய்க்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று பழுதானாலும் இன்னொன்று சமாளித்துவிடும். அவருக்கே தெரியாது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குத் தாயிடமும் அந்தப் பழுது இருக்காது, குழந்தையில் புதிதாக ஏற்பட்டிருக்கும். ஆகவே சோதனை செய்யாமல் யார் பக்கம் என்று பேசுவதே தவறு. செய்த பிறகும் அதில் குற்றம் என்று ஒன்றுமில்லை. நிறம், உயரம் மாதிரி அதுவும் யாரும் கேட்டு வாங்கியது இல்லை.

சோதனை வேறு காரணத்துக்குத் தேவை. தாயிடம் பழுது இருந்தால் அவருடைய தங்கைக்கும் இருக்கலாம், அடுத்த கர்ப்பத்திலும் வரலாம். கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் கருவைச் சோதிக்க வழி உண்டு. தாயின் இதயத்தையும் ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். பையனுக்கு மூன்று சோதனை எடுத்த குடும்பங்கள் தாய்க்கு இந்த ஒன்றை எடுப்பதில்லை.

மாமனைக் கட்டியதால் வந்ததா?

டி.எம்.டி.க்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் தொடர்பு இல்லை. எஸ்.எம்.ஏ.வும் இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் பல தசைச்சிதைவு வகைகளும் வேறு. அவற்றுக்கு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். தாய்மாமன், அத்தை மகன் என்று கட்டினால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. எல்லோருக்கும் வரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு இருந்தால், அடுத்த நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஜாதகம் பார்க்கும் செலவோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காலையில் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் கண் இமை தொங்குகிறது. கண்ணாடி மாற்றினால் சரியாகுமா?

கோயில் வாசலில் பூ கட்டும் ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் ஆனது. காலையில் நூறு முழம் கட்டுவார். மாலையில் நார் இரண்டாகத் தெரியும், பூ எதில் வைப்பது என்று தெரியாது. ஒரே வருடத்தில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றினார். இட்லி சாப்பிட முடிந்தது. முறுக்கு கடிக்கும்போது பாதியில் தாடை நின்றுவிடும், கையால் தாங்கிப் பிடித்துக்கொள்வார்.

பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைவது, ஓய்வெடுத்தால் திரும்புவது. இது மயஸ்தீனியா கிராவிஸ் நோயின் அடையாளம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மடையில் போய் அடைத்துக்கொள்கிறது. தொங்கும் இமையின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை இரண்டு நிமிடம் வைத்தால் இமை கொஞ்சம் மேலே போகும். டாக்டர்களே செய்து பார்ப்பதுதான் இது. ரத்தத்தில் ஆன்டிபாடி சோதனையும், நெஞ்சில் தைமஸ் சுரப்பியைப் பார்க்க சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். சிலருக்கு ஸ்டீராய்டு, சிலருக்குத் தைமஸ் அறுவை சிகிச்சை. இந்தப் பக்கத்தில் உள்ள வியாதிகளில் வைத்தியத்துக்கு நன்றாகக் கட்டுப்படுவதில் இதுவும் ஒன்று.

ஒரு எச்சரிக்கை. சில ஆன்டிபயாட்டிக்குகள் (ஜென்டாமைசின், அமிகாசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை), மெக்னீசியம் ஊசி, பிரஷருக்கான சில மாத்திரைகள் இந்த நோயைத் திடீரென்று மோசமாக்கும். மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை" என்று வாங்காதீர்கள். நோயின் பேரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கும்போது புரையேறினால், படுத்தால் மூச்சு வாங்கினால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பையன் காலையில் எழவே முடியவில்லை. செய்வினையா?

பொட்டாசியம் குறைந்ததுதான். ரத்தத்தில் 3.5க்கு மேல் இருக்க வேண்டியது 2க்குக் கீழே இறங்கினால் கை கால் அப்படியே கிடக்கும். நல்ல உழைப்பு, ராத்திரி சோறும் இனிப்புமாக வயிறு முட்டச் சாப்பாடு, விடியற்காலையில் முடக்கம். கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சோறும் சர்க்கரையும் இன்சுலினைக் கூட்ட, அது பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ளிவிடுகிறது. பொட்டாசியம் கொடுத்தால் சில மணி நேரத்தில் எழுந்து நடப்பான், செய்வினை எடுத்தவருக்குப் பேர் போய்விடும்!

இங்கே நான் சண்டை போடும் விஷயம் ஒன்று. சோர்வு என்றாலே பாட்டில் ஏற்றும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இந்தப் பையனுக்குக் குளுக்கோஸ் ஏற்றினால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். ஒரு சின்ன கிளினிக்கில் அப்படி ஏற்றி, கை மட்டும் அசைந்துகொண்டிருந்தவருக்குக் கழுத்தும் நிற்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். இ.சி.ஜி.யும் பொட்டாசியமும் பார்க்கக்கூடிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். சரியான பிறகு தைராய்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும், காரணம் அங்கே இருக்கலாம்.

வயிற்றுப்போக்கு வந்து போன பத்து நாளில் இரண்டு காலும் போய்விட்டது. பக்கவாதமா?

பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கம், நொடியில் வரும். இரண்டு காலிலும் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் இடுப்பு, கை என்று ஏறினால் ஜி.பி.எஸ். என்று சந்தேகப்பட வேண்டும். பிரெஞ்சு மருத்துவர்கள் கியான், பாரே, ஸ்ட்ரோல் 1916இல் எழுதியது. கிருமியோடு சண்டை போட்ட எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி நரம்பைத் தாக்குகிறது. 2025 ஜனவரியில் புனேயில் ஒரே பகுதியில் பலருக்கு வந்தது செய்தியில் வந்ததே, அதுதான். அங்கே குடிதண்ணீரில்தான் சந்தேகம் போனது.

நாலைந்து பேரில் ஒருவருக்கு மூச்சுத் தசையும் பலவீனமாகி வென்டிலேட்டர் தேவைப்படும். அதனால் வீட்டில் வைத்து எண்ணெய் தேய்த்துப் பார்க்கும் வியாதி இல்லை இது. மூச்சை இழுத்து ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 20க்குள் நின்றுவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். இம்யூனோகுளோபுலின் ஊசி ஐந்து நாள், அல்லது பிளாஸ்மா மாற்று, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவது. இரண்டுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். ஸ்டீராய்டு இதில் உதவாது. பெரும்பாலானவர்கள் ஆறு மாதத்தில் நடந்துவிடுகிறார்கள்.

குழந்தைக்குக் கால் வரவில்லை என்று போனால் மலத்தை ஏன் கேட்கிறார்கள்?

போலியோ இல்லை என்று உறுதி செய்ய. 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ இல்லாதது என்று சான்று பெற்றதற்கும், அப்படியே இருப்பதற்கும் இந்தச் சோதனையும் ஒரு காரணம். 15 வயதுக்குள் யாருக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தாலும் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுப்பார்கள். கொடுத்துவிடுங்கள்.

ராத்திரி தரையில் படுத்தவர் விடியற்காலை வயிறு வலிக்கிறது என்றார். இப்போது கண் திறக்கவில்லை, கடிபட்ட தடம் இல்லை.

கட்டுவிரியன். தடம் தெரியாது, வலிக்காது, தூக்கத்தில் கடிக்கும். இந்த வரிசையை டெல்டாவில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்: வயிற்று வலி, இமை தொங்கல், நாக்கு குழறல், கழுத்து நிற்காமை, மூச்சு. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

முக்கியமானது அப்புறம்தான். முழுக்க முடங்கியவரால் கண் திறக்க முடியாது, விரல் அசைக்க முடியாது. ஆனால் நினைவு இருக்கும், காது கேட்கும். உயிர் போய்விட்டது என்று வாசலில் பந்தல் போட ஆள் அனுப்பிய கதை உண்டு. வென்டிலேட்டரில் சில நாள் தாக்குப்பிடித்தால் மடை தானே சரியாகிவிடும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொத்துப் பிரிப்பதைப் பேசாதீர்கள்.

பூச்சி மருந்து குடித்தவர்கள், தெளிக்கும்போது உடம்பில் ஏறியவர்கள் விஷயத்திலும் ஒன்று. முதல் நாள் தேறிய பிறகு, இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல், மூச்சு திணறி மறுபடி மோசமாகலாம். "தெளிஞ்சுட்டான்" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிவராதீர்கள்.

கல்லூரிப் பையனுக்கு ஒரு கை மட்டும் இளைக்கிறது. மார்கழியில் விரலே மடங்கவில்லை.

ஹிராயாமா நோயாக இருக்கலாம். கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் நசுங்குவதால் வருவது. சில வருடம் வளர்ந்து தானாக நின்றுவிடும். கழுத்துப் பட்டை போட்டால் சீக்கிரம் நிறுத்தலாம், அதனால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கழுத்தைக் குனியவைத்தும் எடுக்கச் சொல்லுங்கள். இளம் வயதில் முகம், கை இளைத்து, காதும் மந்தமாகும் வேறொரு நரம்பு செல் நோய்க்கு மருத்துவ உலகமே "மெட்ராஸ்" என்று பேர் வைத்திருக்கிறது. 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய சென்னை மருத்துவர்கள் எழுதியதால் வந்த பேர்.

16 கோடி ஊசி போட்டால் குணமாகிவிடுமா?

செய்தியில் வரும் அந்த மரபணு சிகிச்சை ஊசி எஸ்.எம்.ஏ.வுக்கு மட்டும், அதுவும் இரண்டு வயதுக்குள். டி.எம்.டி.க்குப் போடுவது இல்லை. எஸ்.எம்.ஏ.வுக்குத் தினமும் வாயில் கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் மருந்தும் இருக்கிறது. மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கையில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு, அதற்கென்று குறித்த மையங்கள் வழியாகத்தான். டி.எம்.டி.க்கு இன்றைக்குக் கையில் இருப்பது ஸ்டீராய்டு மாத்திரை, நடக்கும் காலத்தை நீட்டித் தரும். அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இதயத்தை வருடா வருடம் பார்க்க வேண்டும். எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னாலும் மயக்க மருந்து டாக்டரிடம் நோயின் பேரைச் சொல்ல வேண்டும், சில மயக்க மருந்துகள் ஆபத்து.

வைத்தீஸ்வரன்கோயில், வேளாங்கண்ணி, நாகூர் மூன்றுக்கும் போய்விட்டோம். நாட்டு வைத்தியமும் பார்க்கலாமா?

போய்விட்டு வாருங்கள், மனசுக்குத் தெம்பு. நானே போகிறேன். வைத்தியத்தில் மட்டும் இரண்டு விஷயம். பேர் எழுதாத பொடி, உருண்டை எதையும் தராதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் எழுதிய ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு எதையும் தொடங்காதீர்கள். எண்ணெய் தேய்ப்பது நல்லதுதான், சுகமாக இருக்கும். அழுத்திப் பிசைவது, காலை மடக்கி உட்காரவைத்து "பலம் ஏற்றுவது" வேண்டாம்.

உடற்பயிற்சி செய்தால் பலம் வருமா?

தசைச்சிதைவில் வராது. எடை தூக்குவதும், படி இறங்கி இறங்கிப் பயிற்சி செய்வதும் கிழிந்த தசையை இன்னும் கிழிக்கும். என் வேலை பெரும்பாலும் நீட்டுவது: குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் சுருங்காமல் தினம் பத்து நிமிடம் பாதத்தை மேலே மடக்கிப் பிடிப்பது, ராத்திரியில் பட்டை கட்டுவது. தண்ணீர் ரொம்ப நல்லது. ஜூனில் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் இடுப்பளவு தெளிவாக ஓடும் நாட்களில், அப்பா கையில் ஏந்திக்கொள்ள மிதக்கும் பையன் தரையில் அசைக்காத காலை அசைப்பான். கையை விடக் கூடாது, இழுப்பு அதிகமான நாளில் இறங்கவே கூடாது. ஜி.பி.எஸ்.இல் கதை வேறு, அங்கே பயிற்சிதான் பாதி வைத்தியம்.

எங்கே போவது? அரசு என்ன தருகிறது?

முதலில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவு. மேலே போக வேண்டியிருந்தால் புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ். பழைய ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, அந்த வீடியோ எல்லாம் ஒரே பையில்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகையில் தசைச்சிதைவும் உண்டு. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தசைச்சிதைவுக்கென்று மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி இரண்டுக்கும் மனு கொடுக்கலாம். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுங்கள். பையனின் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வீட்டில் உடனே என்ன மாற்றலாம்?

உட்காரும் உயரம். தாழ்ந்த கயிற்றுக் கட்டிலில் குழிந்து உட்கார்ந்தால் பலம் உள்ளவருக்கே எழுவது கஷ்டம். பலகைக் கட்டிலின் நாலு காலுக்கும் கீழே இரண்டு செங்கல் வையுங்கள், ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். கக்கூஸில் கோப்பை மாற்றக் காசு இல்லையென்றால் நடுவில் வட்டம் வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலியை மேலே போடலாம், ஒரு பக்கச் சுவரில் இரும்புக் குழாய் பதிக்கலாம். கொல்லைப்புறப் பாசியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், மழைக்காலத்தில் இரண்டு முறை.